கரிசல் மானாவாரியில் முதல் உளுந்து: வைகாசி தொடங்கி தை வரை செய்ய வேண்டியவை

அப்பா காலமான பிறகு திருப்பூர் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தேன். எட்டயபுரத்துக்கும் விளாத்திகுளத்துக்கும் நடுவில் நாலு ஏக்கர் கரிசல் புஞ்சை. கிணறு இல்லை, போர் போட்டாலும் உப்புத் தண்ணீர்தான். முதல் வருஷம் உளுந்து விதைத்து ஏக்கருக்கு 90 கிலோ எடுத்தேன். ஓடைக்கு அந்தப் பக்கம் சித்தப்பா 300 கிலோவுக்கு மேல் எடுத்தார். ஒரே மண், ஒரே மழை. மூன்றாம் வருஷம் நானும் 310 கிலோ எடுத்தேன். இடையில் நான் மாற்றிக்கொண்டதில் பெரும்பகுதி ஒன்றுதான்: மழைக்கு முன் முடிய வேண்டிய வேலைகளை மழைக்கு முன்பே முடித்தேன்.

தூத்துக்குடி, விருதுநகர் மாவட்டங்களின் கரிசல் காட்டில் முதல் தடவை உளுந்தோ பாசிப்பயறோ விதைக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கோவில்பட்டி, விளாத்திகுளம், புதூர், அருப்புக்கோட்டை பக்கம் அப்படியே பொருந்தும். வைகைப் பாசனத்திலோ காவிரிப் படுகையில் நெல் அறுத்த தரிசிலோ உளுந்து போடுகிறவர்களுக்கு விதைக்கும் பட்டமும் ரகமும் வேறு.

1. வைகாசி, ஆனி: முதலில் காகிதம்

விதையைப் பற்றி யோசிக்கும் முன் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். தமிழக அரசின் நில ஆவண இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்தால் சிட்டா காசில்லாமல் கிடைக்கும். எனக்கு வந்தது தாத்தா பெயரில். அப்பாவே மாற்றியிருக்கவில்லை.

பட்டா உங்கள் பெயரில் இல்லையென்றால் பயிர்க் காப்பீடு, மானிய விதை, அரசுக் கொள்முதல், கூட்டுறவுக் கடன் எல்லாமே இழுபடும். பெயர் மாற்றத்துக்குத் தேவையானவை: இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பழைய பட்டா நகல் அல்லது மூலப் பத்திரம், எல்லா வாரிசுகளின் ஆதார், வில்லங்கச் சான்று. இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க 60 ரூபாய். உட்பிரிவு செய்ய வேண்டுமென்றால் அளவைக் கட்டணம் தனி, சர்வேயர் வரும் நாளுக்குக் காத்திருக்கவும் வேண்டும். வாரிசுச் சான்றையும் சேர்த்து எனக்கு நாலு மாதம் ஆனது. ஆவணியில் தொடங்கினால் அந்த வருஷத்துக்கு உதவாது. அதனால்தான் வைகாசி என்கிறேன்.

கூட்டுப் பட்டாவாக இருந்து உடனே பிரிக்க முடியாவிட்டால், மற்றப் பங்குதாரர்களிடம் ஒப்புதல் கடிதம் வாங்கி வையுங்கள். அண்ணன் தம்பி நல்ல மனநிலையில் இருக்கும்போதே வாங்குவது நல்லது. அறுவடை நேரத்தில் போய்க் கேட்டால் பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

கூடவே முடிக்க வேண்டியவை:

வங்கிக் கணக்கு. ஆதார் இணைந்திருக்க வேண்டும், மானியப் பணம் ஆதார் வழியாக அந்தக் கணக்குக்கு வருகிறதா என்று வங்கியில் கேட்டு உறுதி செய்ய வேண்டும். வங்கிகள் இணைந்த பிறகு கிளைக் குறியீடு பல இடங்களில் மாறிவிட்டது. பழைய பாஸ்புக்கில் உள்ள குறியீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு இழப்பீடு வரவில்லை என்று அலைந்தவர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். புதுப் பாஸ்புக் வாங்குங்கள்.

சிறு, குறு விவசாயி சான்று. புஞ்சை 2.5 ஏக்கருக்குள் இருந்தால் குறு விவசாயி, 5 ஏக்கருக்குள் இருந்தால் சிறு விவசாயி. இதற்கும் இ-சேவை மையம்தான், 60 ரூபாய்தான். மானியங்களில் கூடுதல் சலுகை இதை வைத்துத்தான்.

உழவருக்கான தனி அடையாள எண். இப்போது திட்டங்களுக்கு இந்த எண்ணைக் கேட்கிறார்கள். பட்டா, ஆதார், ஆதாரில் இணைத்த கைபேசி மூன்றையும் எடுத்துக்கொண்டு பொது சேவை மையத்துக்கோ ஊரில் நடக்கும் முகாமுக்கோ போனால் பதிந்து தருவார்கள். கைபேசி எண் மாற்றியிருந்தால் முதலில் ஆதாரில் அதைத் திருத்துங்கள், இல்லாவிட்டால் சரிபார்க்க வரும் ஓ.டி.பி. எண் யாருக்கோ போகும்.

2. கோடை உழவும் மண் பரிசோதனையும்

சித்திரை, வைகாசியில் ஒரு கோடை மழை விழும். அந்த ஈரத்தில் ஒரு உழவு ஓட்டிப் போட்டுவிடுங்கள். கரிசல் கோடையில் வெடித்துக் கிடக்கும். மேல்மண் உடைந்து கிடந்தால்தான் அடுத்த மழை ஓடாமல் உள்ளே இறங்கும், மண்ணுக்குள் இருக்கும் கூட்டுப்புழுக்களும் வெயிலில் சாகும். உழவு சரிவுக்குக் குறுக்கே இருக்க வேண்டும். டிராக்டர்காரர் நீள வாக்கில் ஓட்டினால் திருப்பம் குறையும் என்று சரிவோடு ஓட்டப் பார்ப்பார். பக்கத்தில் நின்று சொல்லுங்கள்.

மண் மாதிரி எடுக்க, உழவுக்கு முன் ஏக்கருக்குப் பத்துப் பன்னிரண்டு இடத்தில் ஆங்கில ‘வி’ வடிவில் 15 செ.மீ. ஆழத்துக்கு வெட்டி, அந்தக் குழியின் பக்கவாட்டு மண்ணைச் சுரண்டிச் சேர்க்க வேண்டும். நாலாகப் பிரித்து எதிரெதிர்ப் பகுதிகளைக் கழித்துக்கொண்டே வந்து கடைசியில் அரைக் கிலோ வைத்துக்கொள்ளுங்கள். வரப்போரம், மரத்தடி, எருக் குவிந்த இடம் வேண்டாம். வேளாண் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் கட்டணம் மிகக் குறைவு. ஆடியில் கொடுத்தால் கூட்டம் இருக்காது.

3. விதை

முதல் வருஷம் நான் ஏமாந்தது இங்கேதான். கடையில் சமையலுக்கு விற்ற முழு உளுந்தை, “நல்லா முளைக்கும் தம்பி” என்ற வார்த்தையை நம்பி வாங்கி விதைத்தேன். பாதி முளைக்கவில்லை. முளைத்ததில் நாலு ரகம் கலந்து, ஒரு செடி பூக்கும்போது இன்னொன்று காய் முற்றி வெடித்தது. பிறகு மஞ்சள் தேமல் நோய் வந்து மிச்சத்தையும் தின்றது.

ரகம்: உளுந்தில் வம்பன் 8, வம்பன் 10, வம்பன் 11 ஆகியவை புதுக்கோட்டை மாவட்டம் வம்பனில் உள்ள தேசிய பயறு வகை ஆராய்ச்சி மையத்திலிருந்து வந்தவை. மஞ்சள் தேமலைத் தாங்கும், 65 முதல் 75 நாளில் முடியும். மானாவாரிக்கு நாள் குறைந்த ரகம் முக்கியம், ஏனென்றால் கார்த்திகைக்குப் பிறகு மழையை நம்ப முடியாது. ஆடுதுறை 3 என்று யாராவது கொடுத்தால் வேண்டாம், அது நெல் தரிசுக்கானது. எந்த ரகம் இருப்பில் இருக்கிறது என்று வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் ஆவணி தொடக்கத்திலேயே கேளுங்கள். மானிய விதைக்கு ஆதார், சிட்டா நகல் கேட்பார்கள். தமிழக அரசின் ‘உழவன்’ கைபேசிச் செயலியிலும் விதை இருப்பு பார்க்கலாம். புரட்டாசி பிறந்த பிறகு போனால் நீங்கள் கேட்ட ரகம் இருக்காது, இருப்பதை வாங்கி வர வேண்டியதுதான்.

மூட்டையில் தைத்திருக்கும் அட்டையைப் பாருங்கள். நீல அட்டை சான்று விதை, வெள்ளை அட்டை ஆதார விதை. சோதனை செய்த தேதியும், எதுவரை செல்லும் என்பதும் அதில் இருக்கும். அட்டையையும் ரசீதையும் தூக்கி எறியாதீர்கள். முளைப்பு பொய்த்தால் புகார் செய்ய அது ஒன்றுதான் உங்கள் கையில் இருக்கும்.

எவ்வளவு விதை? தனிப்பயிருக்கு ஏக்கருக்கு 8 கிலோ. இதில் சிலர் 5 கிலோவோடு நிறுத்தி மிச்சம் பிடிக்கிறார்கள், சிலர் 12 கிலோ கொட்டுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். வரிசைக்கு வரிசை 30 செ.மீ., செடிக்குச் செடி 10 செ.மீ. என்றால் சதுர மீட்டருக்கு 33 செடி. ஏக்கர் 4,047 சதுர மீட்டர், ஆகவே 1.34 லட்சம் செடி நிற்க வேண்டும். நூறு உளுந்து ஏறக்குறைய நாலரை கிராம், எட்டுக் கிலோவில் 1.78 லட்சம் விதை. நாலில் மூன்று முளைத்தால் கணக்குச் சரி. சான்று விதைக்குக் குறைந்தபட்ச முளைப்புத் திறன் 75 சதம் என்று வைத்திருப்பதும் இதோடு ஒத்துப்போகிறது. என் கடை விதை பாதிதான் முளைத்தது என்றால் நிலத்தில் எத்தனை செடி நின்றிருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அதனால் எந்த விதையானாலும் வீட்டில் சோதித்துவிடுங்கள். நனைத்த சணல் சாக்கில் நூறு விதையை வரிசையாக அடுக்கி, சுருட்டி, நிழலில் வைத்து, தினமும் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, ஏழாம் நாள் நல்ல முளையை மட்டும் எண்ணுங்கள். 75க்குக் கீழே என்றால் மாற்றுங்கள். மாற்ற வழியில்லை என்றால் விதை அளவைக் கூட்டுங்கள்.

விதை நேர்த்தி: கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி அல்லது 10 கிராம் சூடோமோனாஸ். இவை உயிர் மருந்து. இவற்றோடு கார்பென்டாசிம் போன்ற இரசாயனப் பூசணக்கொல்லியைச் சேர்த்தால் அது டிரைக்கோடெர்மாவையே கொன்றுவிடும், ஏதாவது ஒரு வழியைத் தேர்ந்தெடுங்கள். விதைக்கும் நாளில் ரைசோபியம், பாஸ்போபாக்டீரியா என்ற உயிர் உரங்களை ஆறிய சோற்றுக் கஞ்சியில் கலந்து விதையில் புரட்டி, அரை மணி நேரம் நிழலில் உலர்த்த வேண்டும். திரவமாகக் கிடைத்தால் ஏக்கர் விதைக்கு ஒவ்வொன்றும் 50 மி.லி. போதும். எல்லாம் சேர்ந்து இரு நூறு, இரு நூற்றைம்பது ரூபாய்க்குள் முடியும். காலாவதி தேதி பாருங்கள், வெயிலில் வண்டியில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். உள்ளே இருப்பது உயிருள்ள பாக்டீரியா.

4. விதைக்கும் நாள்

‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பதை இங்கே கடைப்பிடித்தால் விதை போய்விடும். எங்கள் பக்கம் தென்மேற்குப் பருவமழை பேருக்குத்தான். பயிர் நம்பியிருப்பது அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையை. நமக்குப் புரட்டாசிப் பட்டம். செப்டம்பர் கடைசி வாரத்திலிருந்து அக்டோபர் இரண்டாம் வாரத்துக்குள் விதை மண்ணில் இருக்க வேண்டும்.

இரண்டு வழி உண்டு.

ஒன்று, புழுதியில் விதைப்பது. மழைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால் காய்ந்த மண்ணில் விதைத்துவிடுவது. நன்மை, முதல் நல்ல மழையிலேயே முளைத்துவிடும், முழு மழையும் பயிருக்கே. அபாயம், அரைகுறை மழை. 5, 10 மி.மீ. தூறல் விழுந்து விதை ஊறி, மூன்று நாள் வெயில் அடித்தால் முளைவிட்டுக் கருகும். இதைத் தடுக்க விதை 5 செ.மீ. ஆழத்தில் விழ வேண்டும். அந்த ஆழத்துக்கு ஈரம் இறங்கும் மழை பெய்தால்தான் அது விழிக்கும். கையால் வீசிவிட்டு மேலே உழுதால் பாதி விதை மேலே கிடக்கும். விதைப்புக் கருவி பூட்டிய டிராக்டரைப் பிடியுங்கள். வேளாண் பொறியியல் துறையின் வாடகைக் கருவிகளை உழவன் செயலி வழியாகப் பதியலாம், ஆனால் பதிவு ஆவணியிலேயே நடக்க வேண்டும்.

இன்னொன்று, மழை பெய்த பின் பதம் பார்த்து விதைப்பது. 20, 25 மி.மீ.க்கு மேல் ஒரு மழை பெய்து, மண் காலில் அப்பாத பதத்துக்கு வந்ததும் விதைப்பது. முளைப்பு நன்றாக இருக்கும். ஆனால் அந்தப் பதம் மூன்று நாள், மிஞ்சினால் நாலு நாள். அந்த நாலு நாளில் ஊரே டிராக்டர் தேடும். முதல் வருஷம் மழை பெய்த மறுநாள்தான் நான் டிராக்டருக்குப் போன் செய்தேன். ஏழாம் நாள் வந்தது. அதற்குள் மேலே காய்ந்து ஓடாகிவிட்டது. அடுத்த மழைக்குக் காத்திருந்து ஐப்பசி பாதியில் விதைத்தேன், பூக்கும் நேரத்தில் மழை நின்றுவிட்டது. சித்தப்பா அன்றைக்குச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “ஏலே, மழ பெஞ்சப்பெறம் வண்டி தேடுனா ஈரம் ஒனக்காகக் காத்துக் கெடக்குமா?”

புதியவர்களுக்கு என் யோசனை: நிலத்தில் பாதியைப் புழுதியிலும் பாதியைப் பதத்திலும் விதையுங்கள். ஒன்று தவறினாலும் மற்றது நிற்கும். டிராக்டர்காரரிடம் முன்பணம் கொடுத்து, உங்கள் முறை எத்தனையாவது என்று ஆவணியிலேயே பேசி முடியுங்கள்.

மழை அளவைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். நேரான சுவருள்ள ஒரு டப்பாவைத் திறந்த வெளியில் வைத்து, காலையில் அளவுகோலால் அளந்தால் போதும். முன்னறிவிப்புக்கு இந்திய வானிலைத் துறையின் மேகதூது செயலி தமிழிலும் வருகிறது, செவ்வாய், வெள்ளி தோறும் மாவட்ட வாரியாக வேளாண் அறிவுரை இருக்கும்.

இன்னொரு விஷயம், உளுந்துக்குத் தண்ணீர் தேங்கினால் ஆகாது. இரண்டு நாள் நின்றால் வேர் அழுகும். மானாவாரிக்கு வடிகால் எதற்கு என்று நினைக்காதீர்கள். பள்ளமான பக்கம் ஒரு வாய்க்கால் வெட்டி வையுங்கள்.

5. உரம்

மண் பரிசோதனை அறிக்கை இருந்தால் அதன்படி. இல்லையென்றால் மானாவாரிக்குப் பொதுப் பரிந்துரை ஏக்கருக்கு 5 கிலோ தழைச்சத்து, 10 கிலோ மணிச்சத்து, 5 கிலோ சாம்பல் சத்து. 22 கிலோ டி.ஏ.பி. (டை அமோனியம் பாஸ்பேட்) போட்டால் மணிச்சத்து முழுதும் தழைச்சத்து பெரும்பகுதியும் கிடைத்துவிடும். டி.ஏ.பி. கிடைக்காத வருஷம் 62 கிலோ சூப்பர் பாஸ்பேட்டும் 11 கிலோ யூரியாவும் போடலாம். சூப்பர் பாஸ்பேட்டில் கந்தகமும் இருப்பதால் பயறுக்கு அது இன்னும் நல்லது என்பது என் அனுபவம். எதைப் போட்டாலும் விதைப்போடு அடியுரமாகப் போட வேண்டும்.

இதற்கு மேல் யூரியா போடாதீர்கள். “செடி வெளிறித் தெரியுது, ஒரு கை யூரியா வீசு” என்று பக்கத்துக் காட்டுக்காரர் அன்போடு சொல்வார். வீசினால் செடி தளதளவென்று கொடியோடும், காய் குறையும், வெள்ளை ஈ குவியும். உளுந்து தனக்குத் தேவையான தழைச்சத்தை வேர் முடிச்சில் தானே செய்துகொள்ளும். அது நடக்கிறதா என்று 25, 30ஆம் நாள் ஒரு செடியை மண்ணோடு தோண்டி எடுத்துப் பாருங்கள். முடிச்சை நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் முடிச்சு வேலை செய்யவில்லை. அந்தச் சிவப்பை முதல் தடவை பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

காசு போட வேண்டிய இடம் பூக்கும் நேரத்து இலைவழித் தெளிப்பு. ஏக்கருக்கு 4 கிலோ டி.ஏ.பி.யை முதல் நாள் மாலை 10 லிட்டர் தண்ணீரில் ஊறவைத்து, மறுநாள் தெளிந்த நீரை வடிகட்டி, 200 லிட்டராக்கி மாலையில் தெளிக்க வேண்டும். பூக்கத் தொடங்கும்போது ஒரு முறை, 15 நாள் கழித்து ஒரு முறை. அல்லது வேளாண் பல்கலைக்கழகத்தின் பயறு ஒண்டர் என்ற ஊட்டச்சத்துக் கலவை, ஏக்கருக்கு 2 கிலோ, பூக்கும்போது ஒரே தெளிப்பு. பூ உதிர்வது கண்ணுக்குத் தெரியக் குறையும். சிக்கல் தண்ணீர்தான். காட்டில் தண்ணீர் இல்லை, 200 லிட்டரை வண்டியில் கொண்டுபோக வேண்டும். சோம்பல்பட்டு 60 லிட்டரில் அடர்த்தியாகக் கலந்து தெளித்த ஒருவர் இலையெல்லாம் கருகி நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

6. பயிர்க் காப்பீடு

பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் நம் பட்டத்துப் பயறுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதம். ஏக்கருக்கு 16,000 ரூபாய் காப்பீடு என்றால் 240 ரூபாய். மிச்சத்தை மத்திய, மாநில அரசுகள் கட்டுகின்றன. 2020 காரீப் பருவத்திலிருந்து கடன் வாங்கியவருக்கும் இது கட்டாயமில்லை. கடன் வாங்கியிருந்தால் வங்கியே பிடித்துக்கொள்ளும் என்று இருந்துவிடாமல், பிடித்தார்களா என்று கேளுங்கள். கடன் இல்லாதவர்கள் பொது சேவை மையம், தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம், வங்கி, இவற்றில் ஒன்றில் கட்டலாம்.

ஆவணங்கள்: விண்ணப்பம், கிராம நிர்வாக அலுவலர் தரும் அடங்கல் (எந்தப் புலத்தில் என்ன பயிர் என்ற பதிவு) அல்லது விதைப்புச் சான்று, சிட்டா, ஆதார், பாஸ்புக் முதல் பக்கம்.

பொறிகள் நிறைய உண்டு, ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

பசலி. வருவாய்த் துறையின் ஆண்டு ஜூலை 1 அன்று பிறக்கிறது. ஆங்கில ஆண்டிலிருந்து 590 கழித்தால் வரும்: 2025 ஜூலையில் பிறந்தது பசலி 1435. பழைய பசலியின் அடங்கலைக் கொடுத்தால் தள்ளுபடி. நடப்புப் பசலிதானா என்று அங்கேயே நின்று படியுங்கள்.

பயிர்ப் பெயர். போன வருஷம் மக்காச்சோளம் இருந்த காட்டுக்கு அதையே பார்த்து எழுதிவிடுவது சாதாரணமாக நடக்கிறது. எனக்கும் அப்படித்தான் ஆனது. காட்டில் உளுந்து, அடங்கலில் மக்காச்சோளம், விண்ணப்பத்தில் உளுந்து. முதல் வருஷ இழப்பீடு எனக்கு வரவில்லை. 90 கிலோ எடுத்த வருஷம் அது. ஊடுபயிர் இருந்தால் எது எவ்வளவு பரப்பு என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள்.

புல எண்ணும் உட்பிரிவும். 142/3ஏ என்பது 142/3 ஆகப் பதிவானால் அது வேறு நிலம். ரசீதில் சரிபார்க்காமல் மையத்தை விட்டு நகராதீர்கள். பரப்பு ஹெக்டேரில் இருக்கும், ஒரு ஏக்கர் என்பது 0.405 ஹெக்டேர்.

கடைசி நாள். மாவட்டம், பயிர் வாரியாக அறிவிப்பார்கள், வருஷத்துக்கு வருஷம் மாறும். கடைசி இரண்டு நாளில் இணையம் திணறும். விதைத்து முளை கண்ட வாரத்திலேயே கட்டிவிடுங்கள்.

இழப்பீடு உங்கள் காட்டைத் தனியாகப் பார்த்து வருவதில்லை. அறிவிக்கப்பட்ட பகுதிக்குள் (பயறுக்குப் பெரும்பாலும் பிர்கா, அதாவது பல கிராமங்கள் சேர்ந்த வருவாய்ப் பகுதி) சில காடுகளில் அறுவடைச் சோதனை செய்து சராசரி மகசூல் எவ்வளவு குறைந்தது என்று பார்த்துத்தான் எல்லாருக்கும் ஒரே விகிதத்தில் தருவார்கள். உங்கள் காடு மட்டும் காய்ந்தால் பணம் வராது. பணம் வரும் காலமும் அறுவடை முடிந்து பல மாதம் ஆகும், அதை நம்பி யாரிடமும் கைமாற்று வாங்காதீர்கள்.

வெள்ளம் சூழ்வது, அறுத்துப் பரப்பிய பயிர் 14 நாளுக்குள் மழையில் நனைவது போன்றவற்றுக்குத் தனிக் காட்டளவில் இழப்பீடு கேட்கத் திட்டத்தில் இடமுண்டு. 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், எண் 14447. உங்கள் மாவட்ட அறிவிப்பில் இந்தப் பிரிவு சேர்ந்திருக்கிறதா என்று பணம் கட்டும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். 2023 டிசம்பர் 17, 18 மழையில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் கொட்டிய அந்த மழையில், எங்கள் பக்கம் காய் முற்றி நின்ற உளுந்து செடியிலேயே முளைவிட்டது. அப்போது தேதியோடு படம் எடுத்து வைத்திருந்தவர்களுக்குப் பேச ஏதாவது இருந்தது.

7. களை, தேமல், காய்ப்புழு

முதல் 30 நாள் களையில்லாமல் இருந்தால் பயிர் தப்பித்தது. 20ஆம் நாள் ஒரு களை, தேவைப்பட்டால் 35ஆம் நாள் இன்னொன்று. விதைத்த மூன்று நாளுக்குள் பெண்டிமெத்தலின் களைக்கொல்லி தெளிக்கலாம், ஆனால் மண்ணில் ஈரம் இல்லாமல் தெளித்தால் அது வீண் செலவு. புழுதி விதைப்புக்கு அது சரிப்படாது. ஆள் கிடைப்பதுதான் பெரிய பாடு. எல்லாக் காட்டிலும் ஒரே வாரத்தில் களை விழும். களைக்கு வரும் அக்காமார்களிடம் விதைத்த வாரமே நாள் சொல்லி வையுங்கள், டீயும் வடையும் சொன்ன நேரத்தில் போக வேண்டும், கூலியை அன்றன்றைக்கே கொடுத்துவிடுங்கள்.

மஞ்சள் தேமலுக்கு மருந்து கிடையாது. வெள்ளை ஈ பரப்பும் வைரஸ் அது. இலையில் மஞ்சள் திட்டு கண்ட செடியை அன்றே பிடுங்கி வெளியே கொண்டுபோய்ப் புதையுங்கள். ஒன்று இரண்டாக இருக்கும்போது மனசு வராது, பத்து நாளில் அது நூறாகும். வரப்போரம் இரண்டு வரிசை சோளம் போட்டால் ஈ வருவது மட்டுப்படும். ஏக்கருக்கு ஐந்து மஞ்சள் ஒட்டுப்பொறி வையுங்கள்.

பூவும் பிஞ்சும் நூலால் பிணைந்து கிடந்தால் உள்ளே புள்ளிக் காய்ப்புழு. பூக்கும் சமயம் வாரம் இரண்டு நாள் காட்டுக்குள் நடந்து பாருங்கள். மருந்தை வேளாண் அலுவலரிடம் கேட்டு வாங்குங்கள், கடைக்காரர் நாலு புட்டியைக் கலந்து தருவதை வாங்காதீர்கள்.

காட்டுப்பன்றி, மான் உள்ள ஊராக இருந்தால் காய் பிடித்ததிலிருந்து இராக்காவல் வேண்டும்.

8. அறுவடை

ஐந்தில் நாலு காய் கறுத்ததும் அறுக்க வேண்டும். எல்லாம் கறுக்கட்டும் என்று காத்திருந்தால் முதலில் முற்றியது வெடித்துச் சிதறும், மார்கழி மழையும் பிடித்துக்கொள்ளும். கையால் பிடுங்கிக் களத்தில் போட்டு அடிப்பது ஒரு வழி. அறுவடை இயந்திரம் இன்னொன்று. இயந்திரமானால் மணிக்கணக்கில் வாடகை. வரும் வழியில் காத்திருந்த நேரத்தையும் கணக்கில் சேர்ப்பார்கள், அதை முன்பே பேசிவிடுங்கள். பருப்பு உடையாமல் இருக்க வேகத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். ரோட்டில் பரப்பி வண்டி ஏற்றி அடிப்பது வேண்டாம், கல்லும் மண்ணும் கலந்து விலை போய்விடும், போகிற வருகிற இரு சக்கர வண்டிக்காரர்களுக்கும் ஆபத்து. தார்ப்பாய் வாங்குங்கள், அது பல வருஷம் வரும்.

9. எங்கே விற்பது

அறுவடை நேரத்தில் வீட்டுவாசலுக்கே வியாபாரி வருவார். அப்போதுதான் விலை குறைவு. 2025-26க்கு அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை உளுந்துக்குக் குவிண்டால் 7,800 ரூபாய், பாசிப்பயறுக்கு 8,768. ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் அரசுக் கொள்முதல் தொடங்கும்போது சிட்டா, அடங்கல், ஆதார், பாஸ்புக் கொண்டுபோய்ப் பதிய வேண்டும். அடங்கலில் உளுந்து என்று இருக்க வேண்டும் என்பது இங்கேயும் வரும். ஈரம் 12 சதத்துக்கு மேல் இருந்தால் திருப்பி அனுப்புவார்கள். வண்டி வாடகை இருமுறை அழ வேண்டாம், முதலில் ஒரு கைப்பிடி மாதிரியைக் கொண்டுபோய் ஈரம் பார்த்துவிட்டுப் பிறகு மூடைகளை ஏற்றுங்கள்.

கொள்முதல் தொடங்கும் வரை கையில் காசு இல்லையென்றால், விற்பனைக்கூடக் கிட்டங்கியில் இருப்பு வைத்துப் பொருளீட்டுக் கடன் வாங்கலாம். மதிப்பில் 75 சதம் வரை கிடைக்கும், 180 நாள் வரை வைக்கலாம். எனக்கு இது தெரியாமல் முதல் வருஷம் கிலோ 58 ரூபாய்க்குக் கொடுத்தேன்.

போன வருஷம் ஏக்கருக்கு எனக்கு ஆன செலவு, கூட்டிக் குறைக்காமல்: உழவும் விதைப்பும் 4,200, விதை 1,300, விதை நேர்த்தி 250, உரம் 700, களை 2,400, தெளிப்பு 1,800, அறுவடை இயந்திரம் 2,500, காப்பீடு 240, சாக்கும் வண்டியும் 500. மொத்தம் 13,890. கிலோ 75 ரூபாய் வீதம் 310 கிலோவுக்கு 23,250 வந்தது. அதாவது 185 கிலோவுக்குக் கீழே போனால் கைநட்டம். என் உழைப்பையும் இராக்காவலையும் இதில் சேர்க்கவில்லை. நாலு ஏக்கரை மட்டும் நம்பி வேலையை விட்டுவிட்டு வரலாமா என்று கேட்கிறவர்களுக்கு இந்தக் கணக்கைத்தான் காட்டுகிறேன். ஆடும் மாடும் சேர்ந்தால்தான் வருஷம் ஓடுகிறது.

10. அடுத்த வருஷத்து விதை

விற்பதற்கு முன், தேமல் படாத இடத்தில் நின்ற நல்ல செடிகளைத் தனியாக அறுத்து விதைக்கு எடுத்து வையுங்கள். சான்று விதையிலிருந்து எடுத்தால் இரண்டு, மூன்று வருஷம் தாங்கும், பிறகு புது விதை வாங்குங்கள். பயறு வண்டு காட்டிலேயே காயில் முட்டையிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறது. விதையில் ஒட்டியிருக்கும் வெள்ளைப் புள்ளிதான் முட்டை. அதனால் மூன்று, நாலு நாள் நல்ல வெயிலில் காயவைத்து, பல்லில் கடித்தால் நசுங்காமல் ‘டக்’கென்று உடையும் பதம் வந்ததும், ஆறவிட்டு, காற்றுப் புகாத உள்பை வைத்த சாக்கில் கட்டுங்கள். சூட்டோடு கட்டினால் உள்ளே வேர்த்துப் பூசணம் பிடிக்கும். சாக்கின் மேல் ரகம், அறுத்த தேதி எழுதுங்கள். ஆவணியில் பிரித்ததும் நூறு விதையை எண்ணி நனைத்த சாக்கில் சுருட்டி வைக்க வேண்டும், அது மட்டும் மறக்காதீர்கள்.